பவுடர் போட்ட எண்

என் பெயரை இதில் எழுதக் கூடாது என்று எங்கள் ஆய்வகத்தின் பாதுகாப்பு அதிகாரி கேட்டுக்கொண்டதால், பெயர் வர வேண்டிய இடத்தில் விஞ்ஞானி என்று மட்டும் எழுதப்படுகிறது. வயது நாற்பத்தாறு. வயது ரகசியம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். முகவரி புகாரில் கண்டபடி சரி. வீட்டின் மேல் தளத்தில் நானும் என் கணவரும் இருக்கிறோம், கீழ்த் தளத்தில் இந்த வழக்கின் இரண்டாவது எதிரியான என் தம்பி மனைவி மக்களோடு இருக்கிறான். நான் அரசுப் பாதுகாப்பு ஆய்வகத்தில் பசைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வாக்குமூலத்தை யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல், ஆனால் மிகுந்த எரிச்சலோடு கொடுக்கிறேன். எரிச்சல் என்பதை எழுத வேண்டுமா என்று எஸ்.ஐ. கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

முதலில் எங்கள் ஆய்வகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. வருடத்துக்கு எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டோம் என்பதை வைத்துத்தான் மேலிடம் எங்களை எடை போடுகிறது. வாசல் கூடத்தில் அதற்கென்றே ஒரு பலகை மாட்டியிருக்கிறது. எங்கள் இயக்குநர் காலையில் உள்ளே வரும்போது அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் யாருடைய வணக்கத்துக்கும் பதில் சொல்வார். அவர் இல்லாத இடத்தில் எல்லோரும் அவரை ஸ்கோர்போர்டு என்றுதான் சொல்வோம். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் எல்லாமே ரகசியமும்கூட. நாங்கள் எந்தக் கடையில் கண்ணாடிக் குடுவை வாங்குகிறோம் என்பதுகூட ரகசியம். எல்லாவற்றையும் வெளியிட வேண்டும், எதையும் வெளியில் சொல்லக் கூடாது. இரண்டு உத்தரவும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் பவுடர்.

பவுடர் என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு கட்டுரை வெளியே போகும் முன் ஒரு குழுவுக்குப் போகும். குழுவில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், வேறு வேலை இல்லாத மூத்தவர் ஒருவர். அவர்கள் கட்டுரையில் உள்ள முக்கியமான எண்களை மாற்றுவார்கள். முகத்துக்குப் பவுடர் போடுவது போல, ஆள் யாரென்று தெரியக் கூடாது, ஆனால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். எவ்வளவு போடுவது என்பதற்கு விதி கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டம் என்றால் கொஞ்சமாகப் போடுவார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அள்ளி அப்பிவிடுவார்கள். சரியான எண் ஒரு மூடிய அறிக்கையில் இருக்கும், அந்த அறிக்கை பூட்டிய அறையில் இருக்கும், அறையின் சாவி பாதுகாப்பு அதிகாரியிடம் இருக்கும். அவரைத் தாழ்ப்பாள் என்று சொல்வோம். அவர் இப்போது இந்த அறையில் எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஆகவே முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு பசை தயாரித்தேன். போர்வீரர் தலைக்கவசத்தின் உள்பக்கம் நுரைத் திண்டை ஒட்டும் பசை அது. ஒட்டிய பிறகு கவசத்தை அடுப்பில் வைத்துக் காயவைக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட சூடு வரை அது சாதுவான பசை. அதைத் தாண்டினால் புகை விடும். அந்தப் புகை மூச்சை அடைக்கும், கண்ணைக் கெடுக்கும், ஆளைச் சாய்த்துவிடும். இதை நான் கட்டுரையில் தெளிவாக எழுதினேன். கட்டுரையில் பதினோரு பேர் பெயர் இருந்தது, அதில் பசையைக் கையால் தொட்டவர்கள் நானும் என் உதவியாளரும் மட்டுமே. வாகனப் பிரிவின் தலைவர் பெயர் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குழு சூட்டின் எண்ணுக்குப் பவுடர் போட்டு நூற்று முப்பது என்று வெளியிட்டது. இந்த எண்ணை இங்கே எழுதலாம், அது உலகத்துக்கே தெரிந்த பொய். பசை காயும் சூடு தெரிந்தால் பகைவர்கள் என்ன செய்வார்கள், நம் வீரர்களின் தலையை அடுப்பில் வைப்பார்களா என்று அன்றைக்கே கேட்டேன். தாழ்ப்பாள் சிரிக்கவில்லை. கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது, பலகையில் ஒன்று ஏறியது, நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

என் தம்பி ஒரு தனியார் பட்டறையில் அடுப்பு மேற்பார்வையாளன். இந்த வருடம் அந்தப் பட்டறைக்கும், ஆற்றோரம் உள்ள இன்னொரு பட்டறைக்கும் எங்கள் ஆய்வகம் தலைக்கவச வேலையைக் கொடுத்தது. எந்தப் பசை என்பது எனக்குத் தெரியாது; அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அனுமதி இல்லை. ஒரு விடுமுறை நாளில் தம்பி மனைவி மாடிக்கு வந்து, "அண்ணி, இவரு சட்டையை இனிமே நான் தொவைக்க மாட்டேன். என்ன வாடைன்னு நீங்களே பாருங்க" என்று ஒரு சட்டையை என் மடியில் போட்டாள். ஈரக் கம்பளியைத் தீய்த்த மாதிரி வாடை. அந்த வாடையை நான் என் சொந்த மேசையில் முகர்ந்திருக்கிறேன். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடுப்புக்கு எதிரில் வேலை செய்யும் பெண்களுக்குத் தலைசுற்றல் வருகிறது, இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், ஒருத்திக்குச் சாயங்காலமானால் கண் மங்குகிறது என்றான். சூடு எவ்வளவு வைக்கிறாய் என்றேன். "நூத்தி இருபத்தஞ்சு. தாள்ல நூத்தி முப்பதுக்குள்ளன்னு போட்டிருக்கே. உங்க ஆபீஸ் முத்திரை வேற இருக்கு" என்றான்.

மறுநாள் நான் எங்கள் உற்பத்திப் பிரிவுத் தலைவரிடம் போய், பட்டறைக்கு அனுப்பிய அறிவுரைத் தாளில் சூட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல், "மூடின அறிக்கையைக் கேட்டு எழுதினோம், காரணம் போதாதுன்னு திருப்பிட்டாங்க. அப்புறம் என்ன, இணையத்துல நம்ம கட்டுரையே இருக்கே, அதுல இருந்து எடுத்துட்டோம். நம்ம வீட்டுக் கட்டுரைதானே" என்றார். அதாவது எதிரியை ஏமாற்றப் போட்ட பவுடரை ஒரு எதிரியும் சீண்டவில்லை. நாங்களே பார்த்து நாங்களே ஏமாந்து அதற்கு முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறோம். நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். அவர் எனக்குத் தலைவலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்.

அதன் பிறகு நான் இயக்குநர் அறைக்குப் போனேன். தாழ்ப்பாளும் அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இயக்குநர் பதறினார், ஆனால் பட்டறைப் பெண்களுக்காக அல்ல. "அந்தக் கட்டுரையில தப்புன்னு சொன்னா அதைத் திரும்ப வாங்கணும்மா. அதை ஆதாரமா காட்டி நம்மாளுங்களே எத்தனை கட்டுரை எழுதியிருக்காங்க, அதெல்லாம் வரிசையா விழும். பலகை என்னத்துக்கு ஆகும்?" என்றார். பலகையைச் சாய்த்துவிட்டு அடுப்பை நிறுத்துங்கள் என்றேன். அப்போது தாழ்ப்பாள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "பட்டறைக்காரங்களுக்கு நூத்தி முப்பதைத் தெரிஞ்சுக்கத்தான் அனுமதி இருக்கு. சரியான எண்ணைத் தெரிஞ்சுக்க அனுமதி இல்லை."

"அப்ப எண்ணே வேணாம். சூட்டைக் குறைங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"எவ்வளவுன்னு கேப்பாங்களே."

"கேட்டா சொல்லுங்க."

"அதான் சொல்ல முடியாதே" என்றார்.

இந்தப் பேச்சு இதே மாதிரி மூன்று சுற்று போனது. சுவரில் முட்டிக்கொண்டிருந்தாலாவது சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். அதன் பிறகு நான் எழுத்து மூலமாகக் கொடுத்தேன், பதில் இல்லை. தலைமையகத்துக்கு எழுதினேன், தங்கள் இயக்குநர் வழியாக அனுப்பவும் என்று பதில் வந்தது. என் இயக்குநர் மீதான புகாரை என் இயக்குநர் வழியாக அனுப்பச் சொல்லும் அலுவலகத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர், "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, பென்ஷன் வாங்கிட்டுப் போய்ச் சேருவியா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் கீழ் வீட்டுக் கொடியில் அந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

ஆகவே அன்று மாலை கீழே இறங்கிப் போய், தம்பியிடம் சரியான எண்ணைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு டிகிரியும் போகாதே, காய நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும் என்றேன். மறுநாளே அவன் அடுப்பைக் குறைத்தான். வாடை நின்றது. அந்தப் பெண்கள் இருமாமல் வீட்டுக்குப் போனார்கள். பிறகு அவன் நான் சொல்லி, ஆற்றோரப் பட்டறைக்கும் போனான். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் ஒரு வயதான அம்மா, எல்லோரும் மேஸ்திரியம்மா என்பார்கள். அவர் இவனை உட்காரவைத்து முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கும்தான் மூச்சு முட்டுது தம்பி. ஆனா முத்திரை போட்ட தாள்ல ஒண்ணு இருக்கு, உங்க அக்கா வாயில ஒண்ணு இருக்கு. நான் எதைக் கேக்கறது? மாத்தினா சரக்கைத் திருப்பிடுவாங்க, முதலாளி எங்களை அனுப்பிடுவாரு. அரசாங்கம் சொல்லட்டும், அந்த நிமிஷமே குறைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பட்டறையில் ஒரு பெண் அடுப்புக் கதவைத் திறந்தபோது விழுந்தாள். அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் மூச்சுவிடப் பொருத்திய குழாயோடு இருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். அவளுடைய அம்மா என்னை நர்ஸ் என்று நினைத்து, கண் எப்போது தெரியும் என்று கேட்டார்.

அதன் பிறகு எங்கள் ஆய்வகத்தின் தரப் பரிசோதகர் தம்பியின் பட்டறைக்குப் போனார். கவசங்களை இழுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பசை முன்னைவிட நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எழுதினார். அதற்குக் கீழேயே, சூடு அறிவுரைப்படி இல்லை, ஆகவே சரக்கு நிராகரிப்பு என்றும் எழுதினார். யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார். என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது; சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த குறும்புக்கெல்லாம் இவன் வாயால்தான் நான் அடி வாங்கியிருக்கிறேன். "எங்க அக்கா சொன்னாங்க. அவங்கதான் இந்தப் பசையைச் செஞ்சவங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அரசு ரகசியத்தை அனுமதி இல்லாதவருக்குக் கொடுத்ததாக என் மீதும், வாங்கியதாக அவன் மீதும் தாழ்ப்பாள் புகார் கொடுத்தார். நேற்று எங்களை இங்கே அழைத்து வந்தார்கள். நான் அறிக்கைமேல் அறிக்கை எழுதியபோது ஒரு கடைநிலை ஊழியரைக்கூட அனுப்பாத ஆய்வகம், இதற்கு இரண்டு வண்டி அனுப்பியது.

இன்று காலை எஸ்.ஐ. என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மிகச் சாதாரணமாக, "நீங்க தம்பிகிட்ட சொன்னது சரியான எண்தானா? ஏன்னா, தப்பான எண்ணைச் சொல்லியிருந்தா அதுல ரகசியமே இல்லையே, கேஸ் எப்படி நிக்கும்?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் நான் கேட்ட முதல் புத்தியுள்ள கேள்வி இது. தாழ்ப்பாளுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. நான் சொன்னது சரியான எண் என்று புகார் சொன்னால், முத்திரையிட்ட தாளில் உள்ள நூற்று முப்பது பொய் என்று ஆய்வகமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். நான் சொன்னது தப்பு என்றால், நான் எந்த ரகசியத்தையும் சொல்லவில்லை, எங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

திரும்பி வந்து போனை என்னிடம் கொடுத்தார். இயக்குநர் பேசினார். குரல் தேன் மாதிரி இருந்தது. "இங்க பாரும்மா, எல்லாத்தையும் சுமுகமா முடிச்சுக்கலாம். வாய்க்கு வந்த ஏதோ ஒரு எண்ணைத் தம்பிகிட்ட சொல்லிட்டேன், கட்டுரையில இருக்கறதுதான் சரின்னு எழுதிக் குடுத்துடு. புகாரை வாபஸ் வாங்கிக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வீட்டுல இருக்கலாம்" என்றார். ஆற்றோரப் பட்டறை என்ன ஆகும் என்று கேட்டேன். "அதைப் படிப்படியா பார்த்துக்கலாம்" என்றார்.

நான் யோசிக்க நேரம் கேட்டேன் என்பதை மறைக்கவில்லை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும், பென்ஷன் போகும், சில வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்று எஸ்.ஐ. விளக்கினார். எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவனிடம் பேச அனுமதி கேட்டேன், எஸ்.ஐ. அனுமதித்தார். அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மேஸ்திரியம்மா உட்கார்ந்திருந்தார். காலை வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார், கண் இரண்டும் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "கோவிச்சுக்காதேம்மா, எனக்கு ஒண்ணுதான் தெரியணும். கேஸ் நடக்குமா, இல்ல வாபஸ் ஆகுமா? நடந்தா நீ சொன்னது நெஜம்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி, முதலாளியும் அப்படித்தான் சொன்னாரு, குறைச்சிடுவோம். வாபஸ் ஆச்சுன்னா நீ கதை விட்டேன்னு அர்த்தம். பொழுது சாயறதுக்குள்ள அடுத்த சரக்கை உள்ளே வைக்கணும்" என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். இயக்குநர் சொன்னதைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, "உன்னால எனக்கு எப்பவும் ரோதனைதான்" என்றான். பொத்தானை விட்டான். "அந்தப் பொண்ணு எப்படி விழுந்துச்சுன்னு இந்தம்மா சொன்னாங்க, கேட்டேன். நீ எழுதச் சொல்லுக்கா. நான் எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டச் சொல்லு, போட்டுடறேன்" என்றான். அவன் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஆகவே நான் சொல்வதாவது: தம்பியிடம் நான் சொன்னது வாய்க்கு வந்த எண் அல்ல. என் கையால் அளந்து, பல முறை சரிபார்த்து, மூடிய அறிக்கையில் என் கையெழுத்தோடு இருக்கும் எண். அது அரசின் ரகசியம் என்று தெரிந்தே, அனுமதி இல்லாத ஆளிடம், முழு நினைவோடு சொன்னேன். நான் குற்றவாளி. என் தரப்பில் வழக்கறிஞர் யாராவது வந்து நான் சொன்னது தவறான எண் என்று வாதாடினால் அவர் சொல்வதை ஏற்க வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன எண் என்று எழுதியாக வேண்டும் என்று எஸ்.ஐ. சொல்கிறார், எழுதவே கூடாது என்று தாழ்ப்பாள் சொல்கிறார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்கிறேன். எஸ்.ஐ. பேனாவை என் பக்கம் திருப்பி வைத்து, சொல்லுங்கள் என்கிறார்.

தொண்ணூறு டிகிரி. அதற்கு மேல் போகக் கூடாது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் பவுடர் எதுவும் படவில்லை, எல்லாம் சொன்னபடியே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு இதன் கீழ்க் கையெழுத்திடுகிறேன். கையெழுத்து ஆனதும், வராந்தாவில் காத்திருக்கும் மேஸ்திரியம்மாவிடம் வழக்கு நடக்கிறது என்று யாராவது உடனே போய்ச் சொல்லுங்கள்.

(ஒப்பம்)
விஞ்ஞானி, முதல் எதிரி